பாலேந்திராவின் வாக்குக் கணக்கு

பாலேந்திரா இலங்கை ஜனாதிபதிக்கு வாக்களிக்கப் புறப்பட்டது 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. மழை பெய்யவில்லை, ஆனால் எந்த நேரமும் பெய்துவிடலாம் என்று வானம் தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் கோல்டிங்கிலிருந்து பில்லுண்ட் விமான நிலையத்துக்கு அவரைக் காரில் ஏற்றிப் போனவர் ஜெபநேசன்.

ஜெபநேசனைத் தவிர வேறு யாரும் அந்தக் காரை ஓட்டியிருக்க முடியாது. இருவரும் ஒரே குளிர்காலத்தில் அகதியாக வந்து இறங்கியவர்கள். முகாமில் ஒரே அறை, மேல் கட்டில் ஒருவருக்கு, கீழ்க் கட்டில் மற்றவருக்கு. இப்போது இருவரும் பிரெடெரிசியாவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார்கள். ஒரு கிழமை இவருடைய கார், மறு கிழமை அவருடைய கார் என்று பதினெட்டு வருடமாக ஒன்றாகத்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள். காருக்குள் பாலேந்திரா அரசியல் கதைப்பார். ஜெபநேசன் கிறிஸ்தவ சபைப் பாட்டுப் போடுவார். யார் குரல் பெரிது என்பது அன்றைய போக்குவரத்தைப் பொறுத்தது.

"ஒரு புள்ளடி போட இவ்வளவு தூரம் போறாய்," என்றார் ஜெபநேசன், விரலால் காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டி.

"புள்ளடியில்லை மச்சான். ஜனாதிபதித் தேர்தலிலை இலக்கம் போடலாம். ஒண்டு, ரெண்டு, மூண்டு."

"அப்ப மூண்டு பேரும் ஜனாதிபதியோ?"

பாலேந்திராவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வழி நெடுக விளக்கினார். முதலாவது விருப்பு, இரண்டாவது விருப்பு, மூன்றாவது விருப்பு. ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் தோற்றவர்களின் சீட்டுகளை எடுத்து அடுத்த விருப்பைப் பார்ப்பார்கள். ஆகவே ஒன்றோடு நிறுத்துகிறவன் தன் வாக்கின் மிச்சத்தைக் குப்பையில் போடுகிறான். ஜெபநேசன் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைக்கும்போது சொன்னார்:

"எனக்கொண்டும் விளங்கேல்லை பாலா. ஆனால் நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

தேர்தல் விஷயத்தில் கோல்டிங் தமிழ்ச் சனம் முழுவதும் அப்படித்தான் சொல்லும். பாலேந்திராவின் வீட்டு வரவேற்பறைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இலங்கை வரைபடம் தொங்கும். ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலுக்கும் மாவட்டம் மாவட்டமாக அதில் நிறம் தீட்டுவார். வடக்கும் கிழக்கும் மலைநாடும் ஒரு நிறமாக ஒதுங்கி நிற்பதையும், நடுவும் தெற்கும் இன்னொரு நிறமாகத் திரண்டு வருவதையும் விரலால் தொட்டுக் காட்டுவார். சனம் மூளையால் வாக்குப் போடுவதில்லை, பழக்கத்தால் போடுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. பழக்கத்தைத் தெரிந்தால் முடிவைத் தெரியும் என்பார். சில தடவை அது பலித்தும் இருக்கிறது. பலிக்காத தடவைகளை அவர் மனைவி விமலாதேவி மட்டும் நினைவில் வைத்திருந்தாள்.

இத்தனைக்கும் பாலேந்திரா ஒரு ஜனாதிபதிக்கும் வாக்களித்ததில்லை. எண்பத்திரண்டில் நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அடுத்தது வந்தபோது அவர் முகாமின் மேல் கட்டிலில் படுத்து டேனிஷ் வினைச்சொல் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு டேனிஷ் பிரசையானார். இங்கே நாட்டின் தலையில் இருப்பவர் அரசர். அவர் பிறந்து வருகிறவர், தெரிந்து வருகிறவர் அல்ல. ஆகவே ஒரு தடவையாவது ஒரு நாட்டுத் தலைவனைத் தன் கையால் தெரிந்துவிட வேண்டும் என்பது அவருக்கு நெஞ்சுக்குள் கிடந்த ஆசை. இரட்டைப் பிரசாவுரிமை எடுக்கலாம் என்று டென்மார்க்கில் சட்டம் வந்த பிறகு, அலைந்து திரிந்து இலங்கைப் பிரசாவுரிமையைத் திரும்ப எடுத்தார். விண்ணப்பத்தில் யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தார். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தார்.

அங்கேதான் அவருக்கு முதல் குழப்பம் காத்திருந்தது.

டென்மார்க்கில் வாக்காளராக யாரும் பதிவதில்லை. மனிதன் எங்கே இருக்கிறான் என்பது நகரசபைக்குத் தெரியும். வீடு மாறினால் அதைச் சொன்னால் போதும். தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டை தபாற்பெட்டிக்குள் தானாக விழும். முப்பது வருடத்துக்கு மேலாக அப்படி விழுந்து பழகியவர் பாலேந்திரா. அக்கா வீட்டு வாசலில் பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, தபாற்காரர் வந்தாரா என்று கேட்டார். வந்தவர்தான், வீட்டில் வாக்குள்ள எல்லோருக்கும் அட்டை தந்தவர்தான் என்றாள் அக்கா. தனக்கு வரவில்லையா என்றார்.

"உனக்கென்னத்துக்கடா வரும்? நீ வாறது எங்களுக்கே நேத்துத்தானே தெரியும்."

அக்காவின் கணவர் குணசேகரம் அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிராம சேவகரிடம் போனார். கிராம சேவகர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. ஒவ்வொரு வருடமும் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்களின் பெயரைத்தான் வாக்காளர் இடாப்பில் சேர்ப்பார்கள் என்று விளக்கினார். இந்தத் தேர்தலுக்கான இடாப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அது முடிந்திராவிட்டாலும் கோல்டிங்கில் குடியிருக்கும் ஆளைத் தன்னால் இங்கே எழுத முடியாது.

பாலேந்திரா இரண்டு கடவுச்சீட்டையும் மேசையில் வைத்தார். கிராம சேவகர் இரண்டையும் பார்த்தார். நல்ல கடவுச்சீட்டுகள்தான் என்றார்.

"ஆனால் அண்ணை, நீங்கள் இருக்கிற இடத்திலைதானே உங்களுக்கு வாக்கு."

"நான் இருக்கிற இடத்திலை ஜனாதிபதி இல்லை தம்பி, ராசாதான்."

கிராம சேவகருக்கு அது விளங்கவில்லை. பாலேந்திராவுக்கும் இது விளங்கவில்லை. பிரசை என்று ஒரு நாடு சொல்கிறது, பெயர் இல்லை என்று அதே நாடு சொல்கிறது. யாராவது சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

வாக்கு இல்லாத மனிதன் என்ன செய்வான்? வாக்கு உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு கிழமையும் ஒழுங்கையில் கண்டவர்களை எல்லாம் மறித்து மூன்று விருப்பையும் விளக்கினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் நின்று சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு குரற்செய்தி அனுப்பினார். முதலாவது நீளம், இலக்கம் எப்படி எழுதுவது, எது செல்லும், எது செல்லாது என்று சட்டம் முழுக்க இருந்தது. அதை யாரும் கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது சின்னது. அது பேசி முடியும்வரை பின்னால் அக்காவின் ஆடு கத்திக்கொண்டே நின்றது.

சனிக்கிழமை அக்கா வீட்டில் வாக்குள்ள நாலு பேரும் போய் வந்தார்கள். எல்லோர் விரலிலும் மை. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் பாலேந்திரா மெதுவாக விசாரித்துப் பார்த்தார். நாலு பேரும் மூன்று பக்கம் போட்டிருந்தார்கள். தமிழர் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே இப்படிப் பிரிவார்கள் என்று அவருடைய வரைபடத்தில் எங்கேயும் இல்லை. முடிவு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு எந்த நிறம் தீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கொண்டுபோன நிறப் பென்சில்களை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பெயர் நிலைத்தது. ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், அந்த நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாவது விருப்பை எண்ண வேண்டி வந்தது. பாலேந்திரா சொன்னது நடந்துவிட்டது என்று கோல்டிங் முழுக்கக் கதை. அவருடைய சின்னக் குரற்செய்தி யாழ்ப்பாணத்தைச் சுற்றி முடித்து, வாக்கே இல்லாத டென்மார்க் தமிழரின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. பலர் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் மகள் சாரங்கா நகரசபைத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

சாரங்கா மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை நிபுணராக வேலை செய்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தாய், ஆளில்லாமல் ஒரு நேரத்தில் இரண்டு மாடிக்கு ஓடி ஓடி முழங்கால் தேய்ந்துபோய் வருவதைப் பார்த்து வளர்ந்தவள். அதை நகரசபையில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்சியில் சேர்ந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் இதை அவள் டேனிஷில் சொன்னாள். விமலாதேவி தமிழில், "நிண்டால் வெல்ல வேணும், தோக்கிறதுக்கு வேலை மினக்கெட வேண்டாம்," என்றாள். பாலேந்திரா எழுந்துபோய் இலங்கை வரைபடத்தைக் கழற்றிவிட்டுக் கோல்டிங் வரைபடத்தை மாட்டினார்.

கணக்கு அவருக்கு எளிதாகத் தெரிந்தது. சாரங்காவின் கட்சியில் யாருக்குப் பெயர் வாக்கு கூடுதலாக விழுகிறதோ அவருக்குத்தான் இடம். கட்சிக்கு இரண்டு இடம் வரும் என்று வைத்துக்கொண்டால், பட்டியலில் முதல் இரண்டு பேருக்குள் அவள் வந்துவிட வேண்டும். அதற்குக் கட்சிக்குப் போட்டால் போதாது. சாரங்கா பாலேந்திரா என்ற பெயருக்கு நேரே போட வேண்டும். தமிழ்ச் சனம் அப்படிப் போட்டால் போதும். கோயில் பக்கத்துச் சனம் அவர் பொறுப்பு. சபைப் பக்கத்துச் சனம் ஜெபநேசனின் பொறுப்பு.

ஜெபநேசன் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார். சாரங்கா அவர் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தவள். அவருடைய மகள் தபிதாவும் அவளும் ஒரே வகுப்பு. சபை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார். அவருக்கு ஒரேயொரு சந்தேகம்தான் இருந்தது. முகாமில் மொழி படிப்பித்த ஆசிரியர் நல்ல கட்சி என்று சொன்ன ஒரு கட்சியின் பெயருக்கு நேரே, அன்றிலிருந்து இன்றுவரை ஒரே இடத்தில் புள்ளடி போட்டு வந்தவர் அவர். ஆளுக்குப் போட்டுப் பழக்கமில்லை. ஒருநாள் காலை காருக்குள் கேட்டார்.

"இது ஆளுக்குப் போடுறது எப்பிடி மச்சான்? நீ அண்டைக்கு என்னவோ விளக்கினனீ."

அந்த நேரம் பாலேந்திரா கைப்பேசியில் யாரோடோ பதாகை ஒட்டுவது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நேரம் வரேக்குள்ளை சொல்லுறன்," என்றார்.

நவம்பரில் தேர்தல். செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் வாக்குச்சாவடி. தமிழ்ச் சனம் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரிக் குடும்பம் குடும்பமாக வந்தது. முதல்முறை ஒரு தமிழ்ப் பிள்ளை நிற்கிறாள் என்ற பெருமை எல்லோர் நடையிலும் தெரிந்தது. வாக்குச்சீட்டோ படுக்கை விரிப்பு மாதிரி. விரித்தால் மறைப்புக்குள் மடிக்க இடமில்லை. சாவடிக்குள் பிரசாரம் பண்ணக் கூடாது என்பதால் பாலேந்திரா தானும் போட்டுவிட்டு, தெருவின் மற்றப் பக்கத்தில் குளிரில் நின்று வருகிறவர்களுக்குத் தலையசைத்தார். சபையைச் சேர்ந்த மார்கிரட் போட்டுவிட்டு வெளியே வந்து, வீதியைக் கடந்து அவரிடமே வந்தாள்.

"உங்கடை விளக்கம் நல்ல தெளிவு அண்ணை. நீங்கள் சொன்னமாதிரியே போட்டிட்டம்."

பாலேந்திராவுக்கு உள்ளம் குளிர்ந்தது. போன கிழமை அவள் வீட்டு வாசலில் நின்று சாரங்காவின் பெயரைக் காட்டியதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஜெபநேசனும் வந்தார், மனைவி ஜெபமலரோடு. போகும்போது பெருவிரலை உயர்த்திக் காட்டினார். வரும்போதும் காட்டினார்.

அன்றிரவு கட்சி வாக்குகள் எண்ணி முடிந்தன. சாரங்காவின் கட்சி அந்தப் பள்ளிக்கூடச் சாவடியில் எப்போதும் இல்லாத அளவு வாக்கு எடுத்திருந்தது. இரண்டு இடம் உறுதி. விமலாதேவி பால்சோறு காய்ச்சப் பச்சரிசி ஊறப்போட்டாள். பெயர் வாக்குகளை மறுநாள்தான் எண்ணுவார்கள். மறுநாள் மாலை எண்ணினார்கள். சாரங்கா மூன்றாவது. நாற்பது வாக்கு வித்தியாசத்தில் அவளுக்கு மேலே நின்று இரண்டாவது இடத்தைப் பிடித்தவர், தோட்டத்துக் கதிரை மேசை விற்கிற ஒரு டேனிஷ்காரர். அவரே தான் வெல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார்.

பாலேந்திரா கணினியில் அந்தச் சாவடியின் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. தமிழர் போடாமல் விட்டிருந்தால் கட்சியின் வாக்குக் குறைந்திருக்க வேண்டும். அது கூடியிருக்கிறது. கூடியது தமிழரின் வாக்கு என்றால் சாரங்காவின் பெயருக்கு விழுந்திருக்க வேண்டும். அது விழவில்லை. வந்த சனம் வந்தது, போட்டதும் போட்டது, மகளைத் தொடாமல் கட்சிக்கு மட்டும் போட்டுவிட்டுப் பெருவிரலைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறது.

சாரங்கா அழவில்லை. சோர்ந்துபோய்ச் சோபாவில் கிடந்து, எண்ணும் இடத்தில் நின்ற கட்சிக்காரர் சொன்னதைச் சொன்னாள். சில சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளடி இருந்ததாம். ஒரே கட்சிக்குள் இரண்டு மூன்று பேருக்குப் போட்டால் ஆளுக்கு எண்ண மாட்டார்களாம், கட்சிக்குப் போட்ட வாக்காகவே எடுத்துக்கொள்வார்களாம். கட்சி தாண்டிப் போட்டிருந்தால் சீட்டே செல்லாதாம். இதையும் டேனிஷில்தான் சொன்னாள்.

"அது வேறை ஆரும் பெடியள் விளையாட்டுக்குப் போட்டிருப்பினம்," என்றார் பாலேந்திரா. "முப்பது வருசமா இஞ்சை வாக்குப் போடுற எங்கடை சனத்துக்கு ஒரு புள்ளடி போடத் தெரியாதோ?"

பிறகு அவருடைய பழைய கண்டுபிடிப்பு நினைவுக்கு வந்தது. சனம் பழக்கத்தால் போடுகிறது. அப்படியானால் கட்சியின் பெயருக்கு மட்டும் புள்ளடி போடுகிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? ஜெபநேசனின் பெயர்தான் வந்து நின்றது. நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் அந்த ஒரு விடையை வைத்தால் எல்லா எண்களும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. விமலாதேவி, "நீங்கள் போட்ட கணக்கிலை எத்தினை சரிவந்தது எண்டு எனக்குத் தெரியும், பேசாமல் படுங்கோ," என்றாள்.

வியாழக்கிழமை காலை ஜெபநேசனின் கார். அந்தக் கிழமை அவருடைய முறை. ஏறியதும் ஜெபநேசன் பாட்டை நிறுத்தினார். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெதுவாக ஓட்டினார். பிறகு, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு விட்டிருக்கலாம். பாலேந்திராவால் முடியவில்லை.

"உண்மையைச் சொல்லு. நீ பிள்ளையின்ரை பேருக்குப் போடாமல் பழையபடி கட்சிக்குத்தானே போட்டனீ? உன்ரை சபை ஆக்களுக்கும் அதைத்தானே சொல்லிக்குடுத்தனீ?"

ஜெபநேசன் அவரைத் திரும்பிப் பார்த்தார். நெடுஞ்சாலையில் ஓடுகிற கார் என்பதால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

"நீ சொன்னபடிதான் போட்டனான்."

"நான் எப்ப சொன்னனான்? உனக்கு எப்பிடிப் போடுறதெண்டு நான் சொல்லவே இல்லை. மறந்துபோனன். அதுதான் உனக்கு வசதியாப் போச்சு."

அதற்கு மேல் பாலேந்திரா பேசியவற்றை இங்கே முழுதாக எழுத வேண்டியதில்லை. கோயில்காரன் பிள்ளை நகரசபைக்கு வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றார். முன்னால் சிரித்து உள்ளே வேறு செய்தீர்கள் என்றார். பதினெட்டு வருடம் காருக்குள் இருந்து சேர்ந்த சொற்கள் எல்லாம் தப்பான பக்கத்தால் வெளியே வந்தன. ஜெபநேசன் களஞ்சிய வாசலில் காரை நிறுத்தியபிறகு மட்டும் கதைத்தார்.

"வாக்கெண்டது மறைவாப் போடுறது பாலா. அதை எடுத்து உனக்குக் காட்டித்தான் நான் ஆரெண்டு காட்ட வேணுமெண்டால், எனக்கு அது வேண்டாம்."

மறுநாளிலிருந்து இரண்டு கார்கள் போயின. ஒரே வீதி, ஒரே நேரம். சில காலைகளில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகவே கோல்டிங்கிலிருந்து பிரெடெரிசியா வரை போக வேண்டி வந்தது. பாலேந்திரா முந்த மாட்டார். முந்தினால் பக்கத்தில் வரும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் ஒருவருடைய வண்டி வந்தால் மற்றவருடைய வண்டி அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடும். டேனிஷ் மேற்பார்வையாளர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டார். பிரச்சினை ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

பாலேந்திராவுக்கு வீட்டிலும் அமைதியில்லை. தன் கணக்கு சரிதான் என்று நம்பினார். ஆனால் ஜெபநேசன் பொய் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. முகாமில் ஒருமுறை சமையலறைப் பாலைக் குடித்தது யார் என்று கேட்டபோது, கேட்ட கையோடு நான்தான் என்று எழுந்து நின்ற ஆள். அப்படிப்பட்டவர், 'நீ சொன்னபடிதான் போட்டனான்' என்று ஏன் சொல்ல வேண்டும்? கட்சிக்குத்தான் போட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கோபித்துவிட்டு மூன்றாம் நாள் காரில் ஏறியிருப்பாரே. சாரங்கா தோல்வியை ஒரு மாதத்தில் கடந்துவிட்டாள். நாலு வருடத்தில் திரும்ப நிற்பேன் என்றாள். ஜெபநேசன் மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்கும்படி தகப்பனிடம் டேனிஷிலும் தமிழிலும் சொன்னாள். அவர் தன் பிள்ளைக்காகத்தான் சண்டை பிடித்தார். அந்தப் பிள்ளை மற்றப் பக்கம் நின்றதும் எந்தப் பக்கம் தன் பக்கம் என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. கோல்டிங் வரைபடத்தையும் கழற்றினார். சுவரில் நாலு குண்டூசி ஓட்டை மட்டும் மிஞ்சியது.

தை மாதத்தில் ஜெபநேசனும் ஜெபமலரும் மகள் இருக்கிற ஓகூஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தபிதாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. அங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலையும் கிடைத்தது. சாமான் ஏற்றுகிற அன்று விமலாதேவி சோற்றுப் பார்சலோடு போய் நின்று உதவினாள். பாலேந்திரா போகவில்லை. அவள் திரும்பி வந்தபோது, அவன் ஏதும் கேட்டானா என்று கேட்டார்.

"கேட்டவர். உங்கடை முதுகுநோ எப்பிடி எண்டு," என்றாள்.

அதன்பிறகு நெடுஞ்சாலையில் அவருக்கு முன்னாலோ பின்னாலோ ஜெபநேசனின் நீலக் கார் இல்லை. ஒற்றை ஆளாக ஓட்டினார். காருக்குள் அரசியல் கதைக்க யாருமில்லாததால் சில காலைகளில், தனக்கே தெரியாமல், வானொலியில் சபைப் பாட்டு ஏதும் வருகிறதா என்று தேடுவார்.

மே மாதத்து ஞாயிறு ஒன்று. மரங்கள் எல்லாம் ஒரே கிழமையில் பச்சை பிடித்திருந்தன. விமலாதேவி வார இறுதி வேலைக்குப் போயிருந்தாள். பாலேந்திரா பின்வாசலில் தக்காளிக் கன்றுகளைச் சாடிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி முனகியது. மண் கையோடு எடுத்தார். ஜெபநேசன் என்று பெயர் விழுந்தது. நவம்பருக்குப் பிறகு முதல்முறை.

ஒரு குரற்செய்தி. அதன் தலையில் இரட்டை அம்புக்குறி. பலமுறை கைமாறி வந்தது என்று அடையாளம். அழுத்தினார். ஒரு ஆடு கத்தியது. அதற்கு மேலாக ஒரு ஆம்பிளைக் குரல், நல்ல உறுதியான குரல்:

"நாளைக்குப் போடப்போற எல்லாரும் கேளுங்கோ. எங்கடை ஆளுக்கு முதல் போடுங்கோ. ஆனால் அதோடை நிப்பாட்டிப்போடாதேங்கோ. இன்னும் ரெண்டு பேருக்குப் போடலாம், மூண்டும் போட்டால்தான் முழு வாக்கு. ஒண்டோடை வந்தியளெண்டால் மிச்சத்தைக் குப்பையிலை போடுறியள். எல்லாருக்கும் அனுப்புங்கோ."

அக்காவின் ஆடு. அக்காவின் கிணற்றடி. அவருடைய குரல். எந்த நாடு, எந்தத் தேர்தல், எந்த வருடம் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஒரு மனிதனுடைய குரலை அவனுக்கே யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே அது அவருக்கு மட்டும் வந்து சேரவில்லை. குளிரில் வீதியைக் கடந்து வந்து நன்றி சொன்ன மார்கிரட்டின் முகம் தெரிந்தது. போகும்போதும் வரும்போதும் உயர்ந்த பெருவிரல் தெரிந்தது. பாலேந்திரா சாடியின் விளிம்பில் உட்கார்ந்தார். கைப்பேசியின் கண்ணாடியில் மண் பட்டுவிட்டது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டு, கீழே எழுத்தில் வந்திருந்ததைப் படித்தார்:

"பாலா, போனிலை இடமில்லையெண்டு தபிதா பழசுகளை அழிக்கேக்குள்ளை இது வந்தது. தேர்தலுக்கு முதல்நாள் மார்கிரட் அனுப்பினவ. நேரம் வரேக்குள்ளை சொல்லுறன் எண்டு நீ சொன்னனீதானே, அதுதான் இதெண்டு நினைச்சன். மூண்டு போட்டால் ஆளுக்கு எண்ண மாட்டினமெண்டு தபிதா இப்பத்தான் சொல்லுறாள். சீட்டிலை மேலை ஒரு புள்ளடி மட்டும் எண்டுதான் எழுதிக்கிடந்தது. நான் வாசிச்சனான். நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு அந்தக் கட்சிக்குள்ளையே மூண்டு பேருக்குப் போட்டனான். முதலாவது சாரங்காவுக்கு."